ஊருக்குப் போகிறீர்களா? கோட்டு சூட்டு வேண்டாம்

ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களின் பெட்டியில் எப்படியும் ஒரு சூட் மடித்துக் கிடக்கும். சொந்தக்காரர் கலியாணம், சும்மா போகலாமா என்ற நினைப்புத்தான். நானும் ஒருமுறை கொண்டுபோனேன். தாலி கட்ட முன்னமே முதுகு தெப்பமாய் நனைந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காற்றாடிக்குக் கீழே கதிரை தேடி அலைந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை பட்டுவேட்டியில் இருந்தார். சூட் போட்டிருந்த எல்லோரும் விமானத்தில் வந்தவர்கள்.

வேட்டியும் அரைக்கைச் சேட்டும் போதும். நாலு முழ வேட்டி வெயிலில் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்; கறுப்பு அரைக்காற்சட்டைக்கு மேல் கட்டினால் கேட்கவே வேண்டாம். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டினால் அந்தக் கவலை இல்லை. இந்த மாதங்களில் சோளகக் காற்று வேறு வீசும். கட்டிப் பழக்கமில்லாதவர்கள் வெல்க்ரோ வைத்து ஒட்டும் வேட்டி வாங்குங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனாலும் மேலே ஒரு பெல்ட் போடுங்கள். சேட்டு பருத்தியோ லினனோ, வெளிர் நிறமாக இருக்கட்டும். லினன் கசங்கத்தான் செய்யும். "என்ன தம்பி, சேட்டை மினுக்கேல்லையோ?" என்று ஒரு மாமி கேட்பார். சிரித்துவிட்டுப் பந்திக்குப் போங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், ஆகவே விலைகூடிய சேட்டு அங்கே தோளில் தொங்கத்தான் உதவும். ஒரு சால்வை இருந்தால் இடுப்பில் கட்டலாம், வியர்வையும் துடைக்கலாம். பணத்தையும் போனையும் சேட்டுப் பையில் வைக்காதீர்கள். மடித்துத் தோளில் போடும்போது விழுந்துவிடும். செருப்பை வீதித் தடையடியிலேயே விட்டுவிட்டு மணலில் நடக்கவேண்டியிருக்கும். லேஸ் கட்டும் சப்பாத்தோடு போனவர் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

நயினாதீவுக்குப் போகிற நாளில் கொஞ்சம் யோசித்து உடுத்துங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் சேட்டைக் கழற்றவேண்டும், பக்கத்திலுள்ள புத்த கோயிலான நாகவிகாரையில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு என்பதால் உப்புத் தண்ணீரும் தெறிக்கும். அன்றைக்குப் பட்டு வேண்டாம், பொத்தான் வைத்த பருத்திச் சேட்டே சுகம்.

அரைக்காற்சட்டை காரைநகர் கசூரினா கடற்கரைக்குச் சரி, கீரிமலைக் கேணிக்கும் சரி. அதோடு ஒருவர் வீட்டுக்குப் போகாதீர்கள், பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இராணுவப் பச்சையில் புள்ளி போட்ட காற்சட்டையைப் பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

நாலைந்து கிழமை நிற்பதென்றால் ஊரில் ஒரு செத்தவீடும் வந்துவிடும். அதற்கு ஒரு வெள்ளை வேட்டி தனியாக இருக்கட்டும். சரிகைக் கரை வேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றையும் இங்கிருந்தே சுமக்கத் தேவையில்லை. வேட்டி, சாரம், சால்வை எல்லாம் யாழ்ப்பாணப் பட்டணத்தில் நவீன சந்தைப் பக்கம் கிடைக்கும். சேட்டுத் தைக்கக் கொடுப்பதென்றால் போய் இறங்கிய மறுநாளே கொடுத்துவிடுங்கள். திருவிழா நேரத்தில் தையற்காரர் "நாளைக்கு வாங்கோ" என்றால் நாலு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.