கஞ்சியும் ரசமும் போதாது: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வீட்டில் ஆயத்தமாவது

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், எந்த மருத்துவமனை என்று நான் கேட்பதில்லை. வீட்டில் சமைப்பவர் யார் என்றுதான் கேட்கிறேன். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல் ஏதும் இல்லையென்றால் மருத்துவமனைக் கட்டிலில் இரண்டு மூன்று நாள்தான். அதற்குப் பிந்திய ஆறு வாரங்கள் முழுவதும் சிங்கப்பூரில் நம்முடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில்தான் கழியப் போகின்றன. இந்த அறுவையைச் செய்துகொண்டவள் என்ற முறையில், மருத்துவமனை தந்த தாளில் ஒரு வரியாக மட்டும் இருந்தவற்றையும், நான் தவறு செய்து கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவக் குழு வேறாகச் சொன்னால், அவர்கள் சொல்வதே சரி.

இங்கு அதிகம் செய்யப்படும் முறைகள் இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்பட்டு, மீதி ஒரு நீண்ட குழாய்போல் தைக்கப்படுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்று பிரிக்கப்பட்டு, அது சிறுகுடலுடன் நேராக இணைக்கப்படுகிறது. இரண்டிலும் வயிற்றுக்குள் புதிய தையல் வரிசை ஒன்று இருக்கிறது. அது ஆறும்வரை அதன்மேல் அழுத்தம் விழக்கூடாது என்பதற்காகத்தான் உணவுக்கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இருக்கிறது. இதை வீட்டிலுள்ள அனைவருக்கும், குறிப்பாகப் பெரியவர்களுக்கு, முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. “டயட்” என்று சொன்னால் ஒருநாள் விட்டுவிடலாமே என்பார்கள். “உள்ளே தையல் இருக்கிறது” என்று சொன்னால் வற்புறுத்த மாட்டார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: அழகுக்காக அன்றி மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் அறுவைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பையும் மெடிஷீல்டு லைஃப் என்னும் அடிப்படை மருத்துவக் காப்புறுதியையும் பயன்படுத்தலாம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 37.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத்தடை போன்ற நோய்களுடன் 32.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் மருத்துவர்கள் இந்த அறுவையைப் பரிசீலிப்பது வழக்கம். பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குச் சென்றால் கழிவு விலை கிடைக்கும். வேலை பார்ப்பவர்கள் தங்கள் மருத்துவமனை விடுப்பைக் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் பணியாற்றியவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு, சாதாரண மருத்துவ விடுப்பான 14 நாளும் அதற்குள் அடக்கம்.

அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம், உணவுக்குப் பதிலாகப் புரதப் பானங்களையே குடிக்கும் ஒரு கட்டுப்பாட்டைப் பல மருத்துவமனைகள் விதிக்கின்றன. இது எடையைக் குறைப்பதற்காக மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் ஒருமுறை பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். உண்மையான காரணம் கல்லீரல். பருத்தவர்களின் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது பெருத்திருக்கும். இரைப்பையின் மேற்பகுதி அதற்கு அடியில் இருப்பதால், சிறு துளைகள் வழியாகக் கருவியைச் செலுத்தும் அறுவை மருத்துவர் அந்தக் கல்லீரலைத் தூக்கிப் பிடித்தபடியேதான் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரக் கட்டுப்பாட்டில் கல்லீரல் கணிசமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பிரியாணி நாவுக்கு இன்பம், மருத்துவரின் கைக்குத் தொல்லை.

நீரிழிவு உள்ளவர்கள் இந்த இரண்டு வாரத்தைத் தாங்களாகவே தொடங்கக்கூடாது. உணவு திடீரென்று குறையும்போது இன்சுலினும் சில மாத்திரைகளும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எந்த மருந்தைக் குறைப்பது, எதை எந்த நாளில் நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஊரிலிருந்து வந்த சித்த மருந்துச் சூரணம் என எதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். புகைப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். காயம் ஆறுவதையும் நுரையீரலையும் புகை நேரடியாகக் கெடுக்கிறது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒத்திகையைத்தான். அறுவைக்குப் பின் எப்படிக் குடிக்கவும் உண்ணவும் போகிறோமோ, அப்படியே ஒரு மாதத்திற்கு முன்பிருந்து வீட்டில் பழகத் தொடங்குங்கள். இருமல் மருந்துப் புட்டியின் மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அதில் 30 மில்லி வரை கோடு போட்டிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்து, பதினைந்து நிமிடத்தில் சிறுகச் சிறுகக் குடித்துப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் கடகடவென்று குடித்தே வளர்ந்த நமக்கு, அந்த ஒரு வாய் தண்ணீரோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது முதல் நாளில் எரிச்சலைத்தான் தரும். ஆனால் அறுவைக்குப் பின் ஒருநாளில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும், அதுவும் இந்த அளவில்தான் போக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், பழக்கம் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். உறிஞ்சுகுழல் வேண்டாம், காற்று உள்ளே போகும். குளிர்பானத்தின் குமிழியும் கூடாது.

இதைவிடக் கடினமான பழக்கம் ஒன்று உண்டு: உண்ணும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உண்டு முடித்து 30 நிமிடம் கழித்தே எதையும் குடிக்கலாம். இட்லியோடு காப்பி என்ற இணையை இப்போதே பிரித்துவிடுங்கள். காப்பிக்கடையில் காப்பி வாங்குபவர்கள் பாலும் சீனியும் இல்லாத “கோப்பி ஓ கோசோங்” என்று கேட்கப் பழகிக்கொள்ளலாம். சுண்டிய பாலின் இனிப்பு, பைபாஸ் செய்துகொண்டவர்களின் குடலுக்குள் விரைந்து இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும்.

இனிச் சமையலறை. தமிழ் வீட்டில் உடம்பு சரியில்லாதவருக்கு என்ன கொடுப்போம்? கஞ்சி, ரசம், குழைந்த ரசம் சாதம், ரொட்டி, இளநீர். இந்த அறுவைக்குப் பின் இவை அனைத்தும் ஏதோ ஒரு வகையில் போதாதவை. தையல் ஆறுவதற்கும் தசை கரையாமல் இருப்பதற்கும் ஒருநாளில் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். வடிகட்டிய ரசத்தில் புரதம் அநேகமாக இல்லை. ஒரு கிண்ணம் அரிசிக்கஞ்சியில் இரண்டு கிராம் இருந்தால் பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். சைவர்களுக்குப் பருப்பு, டோஃபு, பனீர், நீர் வடித்த கெட்டித் தயிர் ஆகியவை கைகொடுக்கும். முதல் வாரங்களில் புரதப் பொடி இல்லாமல் இந்தக் கணக்கு நிறைவேறாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பால்சர்க்கரை நீக்கிய பொடியைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே சுவையில் பெரிய டப்பாவாக வாங்கி அடுக்காதீர்கள். அறுவைக்குப் பின் நாக்கு மாறிவிடும். முன்பு பிடித்த சாக்லேட் சுவை, பின்பு வாசனையிலேயே குமட்டலாம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்று டப்பாக்கள் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவனின் உடற்பயிற்சிக்குப் போயின.

உணவு பொதுவாகப் படிப்படியாக ஏறும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர் வகைகள். பிறகு இரண்டாம் வாரம் முடியும்வரை பால், புரதப் பானம், நன்றாக வடிகட்டிய சூப். மூன்றாம் நான்காம் வாரங்களில் அரைத்த கூழ். ஐந்தாம் ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு. அதன்பின் மெல்ல மெல்லச் சாதாரண உணவு. கூழ் வாரங்களுக்கானதை அறுவைக்கு முந்திய வார இறுதியிலேயே செய்து உறையவைத்துவிடலாம். பாசிப்பருப்பைச் சிறிது சீரகம், மஞ்சள்தூள் சேர்த்துக் குழைய வேகவைத்து, மிக்சியில் அரைத்து, பின் தேநீர் வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கவும். ஒரு குழியில் எவ்வளவு பிடிக்கிறது என்பதை முதலில் அந்த மருந்துக் கிண்ணத்தால் அளந்து கொள்ளுங்கள். இரண்டு கட்டிகளை எடுத்துச் சூடாக்கினால் ஒருவேளை உணவு. மீனையும் கோழியையும் இவ்வாறே செய்யலாம். கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் விதை, தக்காளித் தோல் எதுவும் வேண்டாம். ஒரு கடுகு என்ன செய்துவிடும் என்று தாளிப்பவரின் கை துடிக்கும், அதைத் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் என் மாமியார், “வெறும் பருப்புத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு எப்படிம்மா இருப்ப?” என்று சொல்லி, குழைந்த ரசம் சாதத்தை நெய்விட்டுப் பிசைந்து கொண்டுவந்தார். மறுக்க மனம் வரவில்லை. மூன்று தேக்கரண்டி உள்ளே போனது. மூன்றாவது கரண்டியோடு நெஞ்சுக்கு நடுவே கல் வைத்தாற்போல் ஓர் அழுத்தம். வாயில் எச்சில் ஊறி வழிந்தது. அரை மணி நேரம் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோறும் ரொட்டியும் சப்பாத்தியும் அந்தக் குறுகிய வழியில் பிசைந்த மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும் என்று அன்றுதான் புரிந்தது. குற்றம் அவருடையதன்று, அவரையும் உணவியல் நிபுணரிடம் ஒருமுறை அழைத்துச் சென்றிருக்க வேண்டியவள் நான். வீட்டில் சமைப்பது இல்லப் பணிப்பெண் என்றால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

நகை விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறுவை அறைக்குள் உலோகம் எதையும் அணிந்து செல்ல முடியாது. மின்சாரத்தால் இரத்தக்குழாயைச் சுட்டு மூடும் கருவியைப் பயன்படுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் சுட்டுவிடலாம். தாலிக்கொடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகலாமா என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். உண்மையான தொல்லை மெட்டி. இருபது ஆண்டு கழற்றாத மெட்டி, பருத்த விரலில் சதைக்குள் பதிந்திருக்கும். ஒரு வாரத்திற்கு முன்பே, காலை சிறிது நேரம் உயர்த்தி வைத்துவிட்டு, சவர்க்கார நீரில் சுழற்றிச் சுழற்றிக் கழற்றிப் பாருங்கள். வரவில்லையென்றால் நகைக்கடையில் வெட்டிக்கொள்ளலாம். அறுவை நாள் காலையில், செவிலியர் வெட்டுக்கருவியோடு வந்து நிற்கும் நிலை வேண்டாம். மருதாணியும் நகப்பூச்சும் கூடாது. விரல்நுனியில்தான் உயிர்வளி அளக்கும் கருவியை மாட்டுவார்கள்.

படுக்கையறையில் செய்ய வேண்டியது குறைவு. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் சில வாரங்களுக்குக் கட்டிலுக்கு மாற வேண்டும். எழும்போது நேராக நிமிராமல், முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றுங்கள். அரிசி மூட்டை, சலவைக் கூடை, குழந்தை எதையும் நான்கு முதல் ஆறு வாரம் தூக்க வேண்டாம். மூச்சுக் கருவி வைத்துத் தூங்குபவர்கள் அதை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வீடு திரும்பிய நாளிலிருந்தே தாழ்வாரத்தில் நடக்க வேண்டும், ஒருநாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் சிறிது தூரம். காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும், அறுவையின்போது வயிற்றில் நிரப்பிய வாயு தோள்வலியாகத் தங்காமல் கலையவும் நடையே மருந்து. அடுத்த வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வயிற்றில் சிறு அறுவை என்று சொன்னால் போதும்.

மருந்துகளில் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலிமருந்துகளை, முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, இணைப்பில் புண் உண்டாகும். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள். பெரிய மாத்திரைகளில் எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்குமானவை. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீரும் இரும்புக்குப் பகை.

கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி: இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் உடனே 995 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் கணவரோடு முன்பே பேசிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். புரதமும் இரும்பும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

நாள் குறிக்கும்போது தீபாவளிக்கும் நெருங்கிய திருமணத்துக்கும் முந்திய ஆறு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்வது களைப்பான வேலை. மென்மையான உணவுக்கு வந்தபின் உணவங்காடி நிலையத்தில் நம்பிச் சாப்பிடக் கூடியவை உண்டு: நூடல்ஸ் போடாத மீன் சூப், ஆவியில் வேகவைத்த முட்டை, டோஃபு. வீட்டிலிருந்து ஒரு மூடிப்பாத்திரம் கொண்டுபோங்கள், முக்கால்வாசி மீந்துவிடும்.

மோதிரத்தையும் வளையலையும் சிராங்கூன் சாலை நகைக்கடைக்குக் கொண்டுபோய்ச் சிறிதாக்க அவசரப்பட வேண்டாம். எடை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவரை மோதிரத்தின் அடிப்பக்கத்தில் நூலைச் சுற்றிக்கொள்ளலாம். விரல் மெலிய மெலிய இன்னும் சில சுற்று கூட்டிக்கொண்டால் ஆயிற்று.