பெராக்சைடு சிந்தினால் மரத்தூள் மூட்டையைத் தேடாதீர்கள்

மாங்காய் சீசனுக்கு முன்னால், பங்குனி மாதம், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கமுள்ள மாம்பழக் கூழ் ஆலைகளில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போவேன். பல மாதம் அடங்கிக் கிடந்த ஆலை இரவு பகலாக ஓடத் தயாராகிக்கொண்டிருக்கும். வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். குழாய்களையும் தொட்டிகளையும் கழுவப் பெராசிட்டிக் ஆசிட், பேக்கிங் பகுதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீருக்கு ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) என்று கேன் கேனாக வந்து இறங்கும். மூன்றுமே ஆக்சிடைசர்கள், அதாவது பக்கத்திலுள்ள பொருளை எரியத் தூண்டுபவை. இவற்றில் தீப்பற்றுவதை நாம் பெரும்பாலும் பார்க்க மாட்டோம். பக்கத்தில் கிடக்கும் மரமோ துணியோ அட்டையோதான் பற்றும். அதனாலேயே பலர் இவற்றை வெறும் ஆசிட் மாதிரி நினைத்துக் கையாளுகிறார்கள்.

இந்த வருடம் ஓர் ஆலையில் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, "இது 50 சதவீதப் பெராக்சைடு. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். ஒரு தம்பி ஓடிப்போய்ப் பத்தே நொடியில் ஒரு மூட்டை மரத்தூளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்த வேகத்தையும் முகத்தில் இருந்த பெருமையையும் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

கண்ணாடி போடுங்கள், கையுறை போடுங்கள் என்பதெல்லாம் எல்லா ஆலைச் சுவரிலும் எழுதியிருக்கிறது. அதை நான் இங்கே திரும்ப எழுதவில்லை. கீழே தலைப்புகளாக வருபவை பெரும்பாலும் செய்யக் கூடாதவை.

மரத்தூள்

அப்போது நான் ஓசூர் பக்கம் துணி வெளுக்கும் பிரிவு உள்ள ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளர். ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் கம்பி 30 கிலோ பெராக்சைடு கேன் ஒன்றைக் குத்திவிட்டது. ஏறக்குறைய பாதி கேன் தரையில் ஓடியது. அதற்கு முன் நான் மெஷின் ஷாப்பில் இருந்தவன். எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போட்டுக் கூட்டி அள்ளுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மரத்தூளைக் கொட்டினேன். சோடா பாட்டிலைத் திறந்தது போல மெல்லிய சத்தம் வந்தது, தூள் லேசாக நுரைத்தது. கூட்டி இரண்டு கோணிச் சாக்கில் அள்ளிக் கட்டினேன். கட்டும்போது உள்ளங்கையில் சூடு தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. சாக்குகளைப் பின்பக்கக் கழிவுக் கொட்டகையில், உடைந்த மரப் பலகைகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தேன். தரை பளிச்சென்று இருந்தது. சூப்பர்வைசர் பாராட்டினார்.

ஏழு மணிக்கு மேல் கொட்டகை எரிந்தது. தீப்பொறி இல்லை, பீடி இல்லை, மின்சாரம் கூட அந்தக் கொட்டகைக்குப் போகவில்லை. சாக்கை வெளியே இழுக்கப் போன ஒருவருக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. இரண்டு மாதம் அவருக்குச் சட்டைப் பொத்தானை அவருடைய மனைவிதான் போட்டுவிட்டார். நான் கட்டி வைத்த சாக்கு அது.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பெராக்சைடு சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைந்து தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாறும். அப்போது சூடு வெளிவரும். வெறும் தரையில் பரவிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். மரத்தூளுக்குள் போனால் போக வழியில்லை. வைக்கோலில் மாங்காய் பழுக்கப் போட்டவர்களுக்கு இது தெரியும், உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பத்து டிகிரி சூடு ஏறினால் பெராக்சைடு சிதையும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். வேகம் கூடினால் இன்னும் சூடு, இன்னும் வேகம். தரையிலிருந்து கூட்டிய துருவும் இரும்புத் தூளும் கலந்திருந்தால் அதுவே கிரியா ஊக்கி, சிதைவை இன்னும் வேகப்படுத்தும். போதாததற்குத் தண்ணீர் முதலில் ஆவியாகும், பெராக்சைடு பின்தங்கும். அதனால் சாக்குக்குள் இருப்பது நேரம் ஆக ஆக நாம் அள்ளியதை விட அடர்த்தியாகிக்கொண்டே போகும். எரிவதற்கு மரத்தூள் இருக்கிறது, சூடு இருக்கிறது, ஆக்சிஜன் உள்ளேயே பிறக்கிறது. ஒரு லிட்டர் 50 சதவீதப் பெராக்சைடு முழுவதும் சிதைந்தால் சுமார் 200 லிட்டர் ஆக்சிஜன். 30 கிலோ கேன் என்றால் சுமார் 25 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் ஆக்சிஜன்.

மரத்தூளுக்குச் சொன்னது காட்டன் வேஸ்ட், பழந்துணி, கோணி, அட்டை, தேங்காய் நார், தவிடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். தரையைத் துடைத்த மாப்பும் அப்படித்தான். அதை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவது, நான் சாக்கைக் கட்டி வைத்ததற்குச் சமம்.

சரி, என்னதான் செய்வது? ஆட்களைக் காற்று வரும் பக்கத்துக்கு நகர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் மரப் பலகை, அட்டை, எண்ணெய் டப்பா எல்லாவற்றையும், இன்னும் நனையாமல் இருந்தால், தள்ளி வையுங்கள். குப்பை கலக்காத சுத்தமான மணலால் வரப்பு கட்டி ஓடவிடாமல் நிறுத்துங்கள். தோட்டத்து மண் வேண்டாம், அதில் மக்கிய இலையும் வேரும் இருக்கும். பிறகு தண்ணீர். தாராளமாகத் தண்ணீர். சிந்தியது ஒரு பங்கு என்றால் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றினால்தான் 50 சதவீதம் 5 சதவீதம் அளவுக்கு இறங்கும். அந்தத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது, அது கடைசியில் தென்பெண்ணைக்குத்தான் போகும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அனுப்பலாம், ஆனால் அங்கே இருப்பவருக்கு முதலில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மொத்தமாக விட்டால் தொட்டியில் அவர் வளர்த்து வைத்திருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

துடைத்த துணி, நனைந்த மணல், மாப்பு எல்லாம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பேரலில் முழுக வேண்டும். மூடியை இறுக்காமல், ஆலைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் நிழலில் வையுங்கள்.

இதில் எனக்கு இன்றும் கோபம் வருவது எதற்கென்றால், எத்தனையோ ஆலைகளில் "மணல்" என்று சிவப்புப் பெயின்டில் எழுதிய வாளிக்குள் மரத்தூள் இருக்கிறது. மணல் கனம், விலை கூடிவிட்டது, மரத்தூள் பக்கத்து மரக்கடையில் சும்மா கிடைக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் வாளி இருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டுவிட்டுப் போகிறார். வாளிக்குள் கையை விட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

பவுடர் சிலிண்டர்

அன்று இரவு கொட்டகை எரிந்தபோது முதலில் ஓடி எடுத்தது பவுடர் சிலிண்டரைத்தான். அடித்ததும் தீ அமுங்கியது. மூச்சு விடுவதற்குள் மறுபடி எழுந்தது. இரண்டாவது சிலிண்டரும் அப்படியே தீர்ந்தது. பவுடரும் நுரையும் வெளிக்காற்றை வாங்கி எரியும் தீயை அணைக்கத்தான் நமக்குப் பழக்கம். இங்கே ஆக்சிஜன் வெளியிலிருந்து வரவில்லை, எரிகிற பொருளுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் பெரிதாக உதவாது. ஆக்சிடைசர் தீக்குத் தண்ணீர்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக இல்லை, வெள்ளமாக. தண்ணீர் சூட்டைக் குறைக்கும், ஊறிய மருந்தையும் நீர்க்கச் செய்யும்.

எலக்ட்ரிக் பேனல் பக்கத்தில் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு. இதை மறந்துவிட்டு ஹோஸைத் திறந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் இன்னும் எரியாத கேன்கள் இருந்தால், அவை சூடேறவில்லை என்றால் மட்டும் நகர்த்துங்கள். கேன் உப்பியிருந்தாலோ, மூடியில் உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, தொட்டியின் வெப்பமானி காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போனாலோ அதன் அருகே போகாதீர்கள். எட்ட நின்று தண்ணீர் பாய்ச்சுங்கள், முடியாவிட்டால் ஆட்களோடு வெளியேறுங்கள்.

சிந்தியதைத் திரும்பக் கேனில் ஊற்றுவது

ஒரு சொட்டுக் கூட ஊற்றாதீர்கள்.

மூடியை இறுக்குவது

பெராக்சைடு கேன் மூடியில் சின்னத் துளை இருக்கும். வாசனை வருகிறது, ஒழுகுகிறது என்று அதன் மேல் டேப் ஒட்டியவர்கள் உண்டு. மூடி தொலைந்துவிட்டது என்று எண்ணெய் கேன் மூடியைப் போட்டவர்களும் உண்டு. உள்ளே சேரும் ஆக்சிஜன் வெளியேற அந்தத் துளைதான் வழி. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் அதை அடைத்து வைத்தால் கேன் பலூன் போல உப்பும்.

தோல் செருப்பு, தோல் கையுறை

ரப்பர் பூட்ஸ், பிவிசி கையுறை. தோல் எரியும் பொருள்.

ஹைப்போவோடு எதையும் கலப்பது

ஹைப்போ சிந்தியதும் "ஆசிட் ஊற்றினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார். சரியாகாது, குளோரின் வாயு வரும். பெராக்சைடை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து பொங்கி ஆக்சிஜனைக் கக்கும். பெராசிட்டிக் ஆசிட் கேனும் ஹைப்போ கேனும் ஒரே வரப்புக்குள் நிற்பதை இந்த வருடமும் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒழுகினால் தரையே கலக்கிக் கொடுத்துவிடும். நடுவில் சுவர் வையுங்கள், வடிகாலையும் பிரியுங்கள்.

நனைந்த சட்டையோடு நிற்பது

உடம்பில் பட்டால் தோல் வெளுத்து ஊசி குத்துவது போல எரியும். அதைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள், சட்டையை விட்டுவிடுகிறார்கள். பெராக்சைடில் நனைந்த காட்டன் சட்டை காயக் காய எரிபொருளாக மாறுகிறது. ஷவருக்கடியில் நின்றபடியே கழற்றுங்கள், கழற்றியதைத் தண்ணீரில் போடுங்கள். கொடியில் காயப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர், அப்புறம் 108.

தொப்பூரில் டேங்கர் கவிழ்ந்தால்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் கவிழ்வது நமக்குப் பழகிப்போன செய்தி. டேங்கர் என்றாலே குடத்தோடு ஓடும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. தயவுசெய்து முதலில் பின்பக்கப் பலகையைப் படியுங்கள். மஞ்சள் சின்னத்தில் வட்டத்துக்கு மேல் தீச்சுடர் இருந்தால் அது ஆக்சிடைசர். அதற்குப் பக்கத்தில் 2014 என்ற நான்கு இலக்கம் இருந்தால் அது 20 முதல் 60 சதவீதம் வரையிலான பெராக்சைடு. அருகே போகாமல், செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்து, 101 அல்லது 112க்கு அழைக்கும்போது அந்த எண்ணையே முதலில் சொல்லுங்கள். கசிவு மட்டும் என்றால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் விலகுங்கள். டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் 800 மீட்டர். ஒழுகிய இடத்தில் காய்ந்த புல்லும் சருகும் இருந்தால், அங்கே வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்காதீர்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று கிளம்புவது

பயிற்சி முடிந்ததும் அந்தத் தம்பி என்னிடம் வந்து, "சார், எல்லாம் கழுவியாச்சு. எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?" என்று கேட்டான். எனக்குக் கிடைத்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, நாலு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை அந்த இடத்தையும் கழிவுப் பேரலையும் பார்க்கச் சொன்னேன். பேரலின் வெளிப்புறத்தில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்புத் தெரிந்தால் இன்னும் தண்ணீர் விட வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவருக்கு இதை வாயால் சொன்னால் போதாது, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன். அவன் அங்கேயே பேனாவை வாங்கி, நோட்டில் முதல் வரியாக நேரத்தை எழுதினான்.