ரேமைக் காலியாக்கினால் கணினி வேகமாகுமா?

ஹட்டனில் அக்காள் மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பழைய மடிக்கணினியில், திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகமான ரேம் 4 ஜிபிதான். "மாமா, இதை அழுத்தினால் வேகமாகிறது" என்று நினைவகத்தைச் சுத்தப்படுத்தும் மென்பொருள் ஒன்றைக் காட்டினான். அழுத்தினான், 1 ஜிபிக்கு மேல் காலியானதாகப் பச்சை எழுத்தில் வந்தது. "சரி, பின்னால் திறந்திருக்கும் வேர்ட் கோப்பை முன்னே கொண்டுவா" என்றேன். வன்தட்டின் விளக்கு விடாமல் மினுங்கியது. கோப்பு வருவதற்குள் நான் பாதித் தேநீரைக் குடித்துவிட்டேன்.

ரேமில் இருந்ததை அந்த மென்பொருள் வெளியே தள்ளுகிறது. தேவைப்படும்போது விண்டோஸ் அதை வன்தட்டிலிருந்து மீண்டும் எடுத்துவர வேண்டியிருக்கிறது. அடுப்படியில் அடுக்கிய விறகை, இடத்தை அடைக்கிறது என்று மழையில் எறிவதைப் போன்ற வேலை. சும்மா கிடக்கும் ரேமை விண்டோஸ் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்தும். புரோகிராம்கள் கேட்டால் தானே விட்டுக்கொடுக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நினைவகத்தை விழுங்குவது எது என்று டாஸ்க் மேனேஜர் காட்டும், பெரும்பாலும் பிரவுசர்தான். கணினி தொடங்கும்போதே தானாக ஓடுபவை அதன் ஸ்டார்ட்அப் பகுதியில் இருக்கும்; வேண்டாதவற்றை நிறுத்துங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் வன்தட்டில் பயன்படுத்தும் கோப்பான பேஜ் ஃபைலை நிறுத்தச் சொல்லும் யோசனையைத் தொடவே வேண்டாம்; ரேம் குறைந்த கணினியில் புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்ளும்.

கையில் பணம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி ரேம், அல்லது வன்தட்டுக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம். ரேம் டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்று முதலில் பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மாற்றி வாங்கினால் கண்டிக்குப் போய்வந்த பஸ் காசும் வீண்.