பெருந்தொற்றுக் காலத்தில் தவறிய தடுப்பூசியைத் தொடர்வது எப்படி

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரை அடுத்த ஒரு மீனவர் குடியிருப்பில், பத்து மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். ஆறாவது வாரத்து ஊசியோடு அந்தக் குழந்தையின் அட்டையில் எழுத்து நின்றுபோயிருந்தது. "நர்சம்மா, இத்தனை மாசமாச்சு, இனி மொதல்ல இருந்துதானே போடணும்?" என்று கேட்டாள். "இல்லத்தா, விட்ட எடத்துல இருந்துதான்" என்றேன். கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடலோரத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் அதிகம் சொன்ன பதில் இதுவாகத்தான் இருக்கும். போட்ட தவணை எத்தனை மாதம் கடந்தாலும் கணக்கில் இருக்கும். அதை மீண்டும் போட வேண்டியதில்லை.

எந்த ஊசிக்கு எத்தனை வயது வரை அவகாசம் என்பதைத்தான் தாய்மார் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்தவுடன் போடும் பிசிஜி, அதாவது காசநோய்த் தடுப்பூசி, தவறியிருந்தால் ஒரு வயது நிறைவதற்குள் போட்டுவிடலாம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணையும் ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியை, அதாவது பென்டாவேலன்ட்டை, ஒரு வயதுக்குள் எப்போது வந்தாலும் தொடங்கலாம்; தவணைகளுக்கிடையே குறைந்தது 4 வாரம் இடைவெளி இருக்க வேண்டும் என்பதே விதி. தட்டம்மை ருபெல்லா ஊசி 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று. தவறிய குழந்தைக்கு 5 வயது வரை, 4 வார இடைவெளியில் இரண்டையும் போடலாம். போலியோ சொட்டு மருந்துக்கும் 5 வயது வரை அவகாசம் உண்டு. பல தவணைகள் சேர்ந்துவிட்ட குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி போடுவார்கள். தொடையில் ஒன்று, கையில் ஒன்று என்று இடம் மாற்றிப் போடுவதில் ஆபத்து எதுவும் இல்லை. பிள்ளை தாங்குமா என்று பாட்டிமார் பதறுவது இயல்புதான். ஆனால் அதற்காக ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தால், பேருந்து ஓடாத காலத்தில் அந்த அடுத்த வாரம் வராமலே போய்விடலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது தட்டம்மை ஊசி. நம் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்லப்படும் இந்த நோய் கண்ட ஒருவரிடமிருந்து, தடுப்பூசி போடாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குத் தொற்றக்கூடும். இருமியவர் எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அந்த அறைக் காற்றில் நிற்கும். சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்புகளில் இதற்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் 2.3 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் தவறின என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2021 ஜூலையில் அறிவித்தன. புதிய கிருமிக்கு அஞ்சி வீட்டில் இருந்தபோது, பழைய கிருமிகளுக்கு நாம் வாசலைத் திறந்து வைத்திருந்தோம் என்றே எனக்குத் தோன்றியது.

முதல் வேலை தாய் சேய் நல அட்டையைத் தேடி எடுப்பது. உப்புக் காற்றில் காகிதம் நமத்து, மை பரவி, தேதி தெரியாமல் போவது இங்கே வாடிக்கை என்பதால், அட்டையை ரேஷன் அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கைப்பேசியில் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்தும் வையுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். கர்ப்பக் காலத்தில் கொடுத்த பிக்மி என்ற பதிவு எண்ணைச் சொன்னால் பதிவைத் தேடிப் பார்க்கலாம். செவிலியரின் பதிவேட்டிலும் குறிப்பு இருக்கும். எங்கும் பதிவு கிடைக்கவில்லை என்றால், போடாததாகவே எடுத்துக்கொண்டு வயதுக்கேற்ற ஊசியைப் போட்டுவிடுவார்கள். ஒரு தவணை கூடுதலாக விழுந்தாலும் தீங்கில்லை.

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றாலே ஊசி நாள். தொற்றுக் காலத்தில் அந்த நாளும் இடமும் மாறக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையோடு ஒருவர் போதும். மாமியார், நாத்தனார், அண்டைவீட்டார் என்று கூட்டமாகப் போவதை அந்தக் காலத்தில் தவிர்த்துவிடலாம். தாய் முகக்கவசம் அணிய வேண்டும், கைக்குழந்தைக்கு அணிவிக்கவே கூடாது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே காத்திருப்பது கட்டாயம். அதை உள்ளே நெருக்கியடித்து உட்காராமல், வேப்பமரமோ பந்தலோ இருந்தால் அந்த நிழலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கழியுங்கள்.

வீட்டில் யாருக்காவது கொரோனா உறுதியாகியிருந்தாலோ, அத்தகையவருடன் தொடர்பில் இருந்தாலோ, தனிமைக் காலம் முடியும் வரை பொறுத்திருந்து பிறகு வரும்படி பெருந்தொற்றின்போது சொன்னோம். செவிலியரிடம் செய்தியைச் சொல்லிவைத்தால் அவரே அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வார். குழந்தைக்கே தொற்று வந்து குணமாகியிருந்தாலும், தேறிய பிறகு வழக்கம்போல் ஊசி போடலாம். சாதாரணச் சளி, லேசான இருமல், மெல்லிய காய்ச்சல் ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகா. இதை என் தவற்றிலிருந்து சொல்கிறேன்: ஒரு முறை மூக்கொழுகலைப் பார்த்து ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பினேன், அடுத்த வாரமே அந்தக் குடும்பம் உப்பள வேலைக்கு வெளியூர் போய்விட்டதால், அந்தத் தவணை ஏழு மாதம் தள்ளிப்போயிற்று.

வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்கள் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்; எந்த அரசு சுகாதார நிலையத்திலும் அடுத்த தவணையைக் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் அப்பாமார் வீட்டில் இருப்பதால், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற சாக்கு அப்போது செல்லாது. ஐந்து வயதுப் பிள்ளைகளின் முத்தடுப்பு ஊசியையும் அந்த நாட்களில் முடித்துவிடுவது நல்லது.

மருந்தின் தரம் பற்றி ஐயம் இருந்தால் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதன் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகவோ, சதுரம் வட்டத்தைவிடக் கருத்தோ இருந்தால் போடக்கூடாது. பிசிஜி, தட்டம்மை மருந்துகளைக் கரைத்த பிறகு 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் அவற்றின் குப்பியைத் திறந்து கரைத்த நேரத்தை அதன் மேல் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கலாம், ஊசி போட்ட தொடை சற்று வீங்கலாம். செவிலியர் கொடுத்த பாரசிட்டமாலை அவர் சொன்ன அளவில் கொடுத்து, தாய்ப்பால் அடிக்கடி ஊட்டி, மெல்லிய துணி உடுத்தி வைத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தடவுவதும் தேய்ப்பதும் சூடான ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். பிசிஜி போட்ட இடது தோளில் சில வாரங்கள் கழித்துச் சிறு கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும். அதற்கும் மருந்து எதுவும் வேண்டாம். மூச்சுத்திணறல், வலிப்பு, விடாமல் மணிக்கணக்கில் அழுகை, பால் குடிக்காமல் துவண்டுபோதல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் விடியும் வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

சுகாதார நிலையத்தைவிட்டுக் கிளம்பும்முன், அடுத்த ஊசித் தேதியை அட்டையில் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.