மாலை போடாமல் ஒரு மண்டலம்: சிகரெட்டை விட ஆள் சேர்ப்பது எப்படி

17 வருடம் சிகரெட் பிடித்தேன். அதில் நான்கு கார்த்திகை மாதங்கள் மட்டும் பிடிக்கவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு இழுத்தவன், மாலை ஏறிய காலையிலிருந்து ஒன்றுகூடத் தொடமாட்டேன். மலைக்குப் போய்விட்டு வந்து, ஊர்க் கோயிலில் மாலையைக் கழற்றிய கையோடு டீக்கடைக்குப் போய்ப் பற்றவைப்பேன். நான்கு தடவையும் இதே கதை.

அதே உடம்பு, அதே பழக்கம். ஒரு மண்டலம் மட்டும் எப்படிப் பிடிக்காமல் இருக்க முடிந்தது? பக்திதான் என்று சொல்லிவிடலாம், பாதி அது உண்மையும்கூட. மீதிப் பாதி என்னைச் சுற்றி இருந்தவர்கள். கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் டீ மாஸ்டர் "சாமிக்கு டீ மட்டும்" என்று அவரே சொல்லிவிடுவார். வழக்கமாகக் கூட நின்று பிடிக்கும் தம் ஜோடிகள் தள்ளிப் போய்ப் பற்றவைப்பார்கள். ஆபீஸில் ஒருவர்கூட நீட்டமாட்டார். ஊரே சேர்ந்து ஒரு வேலி கட்டியிருந்தது. மாலை இறங்கியதும் அவர்களே அதைப் பிரித்தும் விட்டார்கள். "என்ன சாமி, முடிஞ்சுதா?" என்று முதல் சிகரெட்டை நீட்டியவன் என் நெருங்கிய நண்பன்.

ஐந்தாவது தடவை மாலை போடாமலே அந்த வேலியைக் கட்டிப் பார்த்தேன். இப்போது ஆறு வருடம் ஆகிறது. முதல் தடவை முயல்பவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பீடிக்கும் இதேதான். சிகரெட்டை விட்டுவிட்டுப் பாக்குப் பொட்டலத்துக்கு மாறுவது விடுவதில் சேராது.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

நாளை காலையே நிறுத்த வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி குறியுங்கள். "தை பிறக்கட்டும்" என்று அதற்கு மேல் தள்ளினால் அது சாக்கு. அதுவரை ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், பக்கத்தில் யார்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். என் தாளில் பன்னிரண்டில் ஏழு, யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது பிடித்தவை. அதுவரை டென்ஷனால் பிடிக்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

படி 2: மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்

இருபது பேருள்ள வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்காதீர்கள். இருபது கட்டைவிரல் வரும், அன்றோடு மறந்துவிடுவார்கள். மூன்று பேர் போதும். ஆனால் சரியான மூன்று பேர்.

முதல் ஆள், உங்கள் தம் ஜோடி. படி 1 தாளில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவர். அவரும் விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களிடம் நீட்டாமல் இருந்தால் போதும். இவரிடம் சொல்லாமல் விட நினைப்பவர்கள் இரண்டாம் நாள் பதினோரு மணி டீயிலேயே கவிழ்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது, வீட்டில் ஒருவர். இதுதான் பலருக்குச் சிக்கல். முப்பது வயதிலும் கொய்யா இலையை மென்றுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் நம்மில் ஏராளம். பிடிப்பதையே சொல்லாதவர் விடுவதை எப்படிச் சொல்வார்? அம்மாவிடம் முடியாது என்றால் அக்காவிடம் சொல்லுங்கள், மச்சினனிடம் சொல்லுங்கள். மனைவிக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அநேகமாக அவருக்குத் தெரியும்.

வீட்டு ஆளுக்கு ஒரு வரம்பும் சொல்லிவிடுங்கள். சட்டையை முகர்ந்து பார்ப்பது, பாக்கெட்டைத் துழாவுவது இரண்டும் கூடாது. சந்தேகப்படுகிற வீட்டில் பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்வோம்.

மூன்றாவது, ஏற்கெனவே விட்டவர். இவருடைய மதிப்பு மற்ற இருவரையும் சேர்த்தாலும் வராது. எனக்குக் கிடைத்தவர் எங்கள் தெரு அயர்ன்காரர். இருபது வருடப் பீடியை விட்டவர். "நாலாம் நாள் தலை சுத்துது அண்ணே" என்றால் "ஆமா, சுத்தும், ஒரு வாரத்துல போயிரும்" என்பார். அவ்வளவுதான் ஆறுதல். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

"நீயாவது விடுறதாவது" என்று சிரிப்பவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நுரையீரல் படத்தை அனுப்பி உபதேசம் செய்பவரையும்தான். அந்தப் படத்தைப் பாக்கெட்டின் மேலேயே பார்த்துக்கொண்டுதானே பிடித்தோம்.

படி 3: என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்

"எனக்கு உதவி பண்ணு" என்றால் யாருக்கும் புரியாது. நான் நண்பனுக்கு அனுப்பியது ஏறக்குறைய இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"மாப்ள, ஞாயித்துக்கிழமை காலையிலேருந்து தம்மை விடுறேன். நான் கேட்டாலும் குடுக்காத. கெஞ்சினாலும் குடுக்காத. கிண்டல் பண்ணிக்கோ, பரவாயில்ல. திடீர்னு போன் பண்ணுவேன், எடுத்து ஏதாவது பேசு. சிகரெட்டைப் பத்தி மட்டும் பேசாத."

வீட்டு ஆளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். பிடித்தாயா என்று கேட்கக்கூடாது. முதல் கேள்விக்கு எண்ணைச் சொல்லலாம். இரண்டாவது கேள்வி விசாரணை ஆகிவிடும்.

படி 4: டீக்கடைக் கணக்கை முடியுங்கள்

குறித்த தேதிக்கு முதல் நாள், கடை நோட்டில் இருக்கும் பாக்கியைக் கொடுத்துவிட்டு "அண்ணே, நாளையிலேருந்து எனக்குத் தராதீங்க" என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் போகிறதே என்று பார்ப்பார் என நினைத்தேன். அவர் செய்தது வேறு: இரண்டு வாரம் கழித்து நான் கைநீட்டியபோது கடலை மிட்டாய் டப்பாவைத் திறந்து வைத்தார்.

நம் ஊரில் பாக்கெட் வாங்க வேண்டியதே இல்லை, ஒற்றையாகவே கிடைக்கும். அதனால் வீட்டில் இருப்பதைத் தூக்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் டீயை வேறிடத்தில் குடிப்பது நல்லது.

காபிப் பிரியர்கள் கவனிக்க. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே மூன்று டம்ளர் காபி இப்போது கூடுதலாக வேலை செய்யும்: படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு. காபியைப் பாதியாக்குங்கள்.

படி 5: மருந்தும் உண்டு, போனும் உண்டு

1800-11-2356. புகையிலையை விட உதவும் மத்திய அரசின் கட்டணமில்லா எண். 2018 முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. நாம்தான் படிப்பதில்லை. தமிழில் பேசலாம்.

நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கும், 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர்களுக்குப் பொதுவாக 4 சொல்வார்கள், டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி அசைபோடக்கூடாது. மெதுவாக மென்று, வாயில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். டீ, காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் நிகோடின் சரியாக உள்ளே போகாது.

இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனநோய்க்கோ ஆஸ்துமாவுக்கோ தினமும் மாத்திரை எடுப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். புகை நின்றால் சில மாத்திரைகளின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

படி 6: முதல் மூன்று நாள்

கடைசி சிகரெட் முடிந்து ஒரு நாளுக்குள் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். அது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிவது எரிச்சல் மட்டும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம், அப்புறம் மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். என் மகன் பென்சிலைக் கீழே போட்டதற்கெல்லாம் கத்தினேன். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி மன்னிப்புக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தம் கேட்கிற ஒவ்வொரு அலையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். ஒரு போன் பேசி முடிக்கிற நேரம். மூன்று பேரின் எண்ணும் கைக்கெட்ட இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான். முதல் நாள் ஒன்பது போன் போட்டேன். நண்பன் கிரிக்கெட் பேசினான், அயர்ன்காரர் கரி விலை பேசினார்.

படி 7: இடையில் ஒன்று பிடித்துவிட்டால்

இங்கேதான் மாலைக்கும் இதற்கும் வித்தியாசம். மாலையில் விரதம் கெட்டால் கெட்டதுதான். அதே கணக்கை இங்கேயும் போட்டு, "நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு" என்று முழுப் பாக்கெட் வாங்கிவிடுகிறோம். ஒன்று பிடித்தால் ஒன்றுதான். அன்றைக்கே மூவரில் ஒருவரிடம் சொல்லுங்கள். யார் கொடுத்தது, எங்கே நின்றோம் என்று படி 1 தாளில் எழுதுங்கள். நாள் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதா என்று கேட்பார்கள். நான் தொடங்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் ஒன்று பிடித்தேன், மறுநாள் இருபத்து நான்கு என்றே மனைவியிடம் சொன்னேன், பிடித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

படி 8: நாற்பத்தொன்பதாம் நாள்

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், முடிந்து மாலை கழற்றுகிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் "சரி, விட்டுட்டான்" என்று ஓய்ந்துவிடுவார்கள். ராத்திரிக் கேள்வி நின்றுவிடும். அதனால் மூவரிடமும் இரண்டாம் முறை போய், "இன்னும் முடியல, ஒரு வருஷம் கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்ல வேண்டும். நான் நான்கு தடவை தவறவிட்டது இதைத்தான். ஒரு வருடம் நின்றால் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து, பிடிப்பவரோடு பார்க்கும்போது ஏறத்தாழப் பாதியாகிறது. எடை நான்கைந்து கிலோ ஏறலாம், எனக்கு ஆறு ஏறியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் ஆபத்து டீக்கடையில் இல்லை, கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் இருக்கிறது. இழவு வீட்டுப் பந்தலில் ராத்திரி இரண்டு மணிக்கு இருக்கிறது. வருடக்கணக்கில் பார்க்காத ஒருவர் தோளில் கைபோட்டு நீட்டுவார். அப்போது "இப்ப வேணாம்" என்று சொல்லாதீர்கள். அவர் பத்து நிமிடம் கழித்து மறுபடி நீட்டுவார். "விட்டுட்டேன்ணே" என்று சொன்னால், "அட, எப்ப?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நீட்டிவிடுவார்.