மாடிக்கு இரண்டாவது ரவுட்டர்: எங்கே சறுக்குகிறது?

ஃபைபர் மோடம் கீழ்வீட்டு ஹாலில் இருக்கும். நடுவில் காங்கிரீட் தளம் இருப்பதால் மாடி அறைக்கு சிக்னல் ஏறாது. பழைய ரவுட்டர் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தால் அதை மாடியில் மாட்டத் தோன்றும். தாராளமாக மாட்டலாம். ஆனால் ரவுட்டர் என்று விற்கப்படும் பெட்டிக்குள் நான்கு கருவிகள் இருக்கின்றன: நாட் செய்து (வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் வெளியே ஒரே முகவரியாகக் காட்டி) வழி பிரிக்கும் ரவுட்டர், முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர், கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்ச், வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்ட். மாடிக்கு வேண்டியது கடைசி இரண்டு மட்டும்தான். முதல் இரண்டையும் ஓடவிடுவதால்தான் பாதித் தலைவலி.

கீழ் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள் இழுத்துவிட்டு, மாடி ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைக்காமல் விடுபவர்கள் நிறைய. இப்போது முகவரி கொடுக்க வீட்டில் இரண்டு பேர்: கீழ் மோடமும் மாடி ரவுட்டரும். யார் முந்திப் பதில் சொல்கிறாரோ, பெரும்பாலும் அவர் பேச்சைத்தான் செல்போன் கேட்கும். மாடி ரவுட்டரையே கேட்வேயாக (நெட்டுக்குப் போகும் வாசலாக) எடுத்துக்கொண்ட போனுக்கு நெட் வராது. அந்த ரவுட்டரின் வேன் போர்ட் (வெளி நெட் வந்து சேரும் துளை) காலியாக அல்லவா கிடக்கிறது! பக்கத்து லேப்டாப்பில் நன்றாக ஓடும். மறுநாள் இதுவே தலைகீழாகலாம். போதாததற்கு இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். மாடி ரவுட்டரை மட்டும் தனியாக லேப்டாப்போடு கேபிளில் இணையுங்கள். அதன் லேன் ஐபியை (வீட்டுப் பக்க முகவரியை) 192.168.1.2 என்று மாற்றிச் சேமித்து, புது முகவரியில் மறுபடி உள்ளே போய், அப்புறம் டிஹெச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் செட்டிங் பக்கம் திறக்காது. உடனே ரீசெட் பொத்தானைக் குத்த வேண்டாம். லேப்டாப்புக்குக் கையாலேயே 192.168.1.50 என்று முகவரி போட்டால் போதும். கீழ் மோடம் அந்த .2-ஐ வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி அதன் டிஹெச்சிபி எல்லையை .10-இலிருந்து தொடங்க வையுங்கள்.

கேபிளை மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டில் செருகினால் கதை வேறு. கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று இரட்டை நாட் வந்துவிடும். யூடியூப் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. மாடியிலிருந்து கீழ்வீட்டு டிவிக்கு காஸ்ட் செய்யப் பார்க்கும்போதுதான் பட்டியலில் டிவியே இருக்காது. இரண்டு பக்கமும் 192.168.1 வரிசையே இருந்தால் யூடியூபும் ஓடாது.

கேபிள் இழுக்கவே முடியாத வீட்டில் வயர்லெஸ் பாலம், அதாவது இரண்டு பெட்டிகளையும் வைஃபையாலேயே இணைப்பது. சிக்னல் செத்த அறையிலேயே ரிப்பீட்டரை வைப்பது இங்கே வழக்கமான தவறு. தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். ரிப்பீட்டரில் ஒற்றை ரேடியோதான் என்றால், கேட்பதும் சொல்வதும் அதிலேயே நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்த இரண்டு ரவுட்டரையும் பாலமாக்கலாம் என்று நம்புவதில்தான் பொழுது வீணாகிறது. சாதாரண வைஃபை இணைப்பில் போகும் ஃபிரேமில் (தகவல் பொட்டலத்தில்) மூன்று மேக் முகவரிகளுக்குத்தான் (ஐபி அல்ல, கருவியின் அடையாள எண்) இடம்: அக்சஸ் பாயின்ட், அனுப்புபவர், சேரவேண்டியவர். மாடி ரவுட்டருக்குப் பின்னால் கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரின் முகவரியை எழுத அங்கே இடமில்லை. டபிள்யூடிஎஸ் என்பது நான்காவது முகவரியையும் சேர்க்கும் ஏற்பாடு. அதை ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் செய்திருப்பதால் வேறு வேறு பிராண்டுகள் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. மாடி ரவுட்டரிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பின்னால் உள்ள கம்ப்யூட்டருக்கு மட்டும் ஐபி வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டு முனையிலும் ஒரே பிராண்டையோ, இரண்டிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளையோ போட்டால் சிக்கல் குறையும்.

அதுவும் முடியாவிட்டால் பாலத்தை விட்டுவிட்டு, மாடியை 192.168.2 என்று தனி வரிசையாக்கி ரவுட்டிங் செய்யலாம். மாடி ரவுட்டரில் நாட்-ஐ அணைத்தால் போகும் வழி மட்டும் போதாது, திரும்பும் வழியும் வேண்டும். கீழ் மோடத்தில் ஸ்டாடிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் வழி) சேர்க்க வேண்டும்: 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2 (கீழ் மோடத்தின் பக்கம் மாடி ரவுட்டருக்குள்ள முகவரி). கம்பெனி கொடுத்த மோடத்தில் அந்தப் பக்கம் பூட்டியிருந்தால் வீம்பு வேண்டாம், நாட்-ஐயே ஓடவிடுங்கள்.

பாலம் அமைத்த பிறகு சேனலை ஆட்டோவில் விடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11-இல் ஒன்றை நிலையாக வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரேடார் தென்பட்டால் ரவுட்டர் சேனலைவிட்டு விலகியாக வேண்டும், பாலம் அறுந்துவிடும்.

பின்னொரு நாள் மாடிக்குக் கேபிள் வந்துவிட்டால், முதலில் வயர்லெஸ் பாலத்தை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் வளையமாகி, பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் தகவல்கள்) அதற்குள்ளேயே சுற்றிப் பெருகும். லேன் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் மின்னும், வீடு முழுக்க நெட் போய்விடும். கேபிளைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும்.