விரலால் மூடிப் பாருங்கள், காற்புள்ளி தெரியும்

கிளிநொச்சியில் தரம் 5 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'அண்ட்', 'பட்', 'சோ' போன்ற இணைப்புச் சொற்கள் வரும்போது காற்புள்ளி எங்கே என்பதில்தான் அவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அது அவர்களின் குற்றமன்று. 'அம்மாவும் அப்பாவும்' என்று உம்மையால் இணைக்கும்போது தமிழில் காற்புள்ளியே தேவையில்லை. 'ஆனால்' என்பதற்கோ பின்னால் இடுகிறோம். அதே பழக்கத்தில் 'பட்' என்பதற்குப் பின்னாலும் இட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது முன்னால் வரவேண்டும்.

இணைப்புச் சொல்லை விரலால் மூடச் சொல்லுங்கள். இரு பக்கமும் தனி வாக்கியமாக நின்றால் அதற்கு முன் காற்புள்ளி.

'த டேங்க் இஸ் ஃபுல், பட் த ஃபீல்ட் இஸ் ட்ரை.' குளம் நிரம்பியிருக்கிறது, வயல் காய்ந்திருக்கிறது. இங்குள்ள இரணைமடுக் குளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த இரண்டும் வேறு வேறு செய்தி என்பது உடனே புரிகிறது.

'ஷி வாஷ்ட் த ரைஸ் அண்ட் குக்ட் இட்.' விரலுக்கு வலப்பக்கம் "சமைத்தது யார்?" என்று கேளுங்கள். எழுவாய் அங்கே இல்லை, காற்புள்ளியும் வேண்டாம்.

மிகச் சிறிய வாக்கியங்களில் காற்புள்ளியை விட்டுவிடுவதும் உண்டு. இந்த வயதில் அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.